நிறுத்தி வைத்த தறி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

பொதட்டூர்பேட்டையிலிருந்து காலைப் பேருந்தில் என்னோடு வரும் நண்பர்கள் அறிவார்கள். எங்கள் ஊரில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலும் வெளியூரார் அதைச் சண்டை என்றே எண்ணுவர். சண்டையன்று. பிறந்தது முதல் விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. மின்சாரம் நின்றால்தான் எங்கள் தெருவில் காக்கை கத்துவதே காதில் விழும்.

எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகள். இரண்டு அப்பாவுடையவை, இரண்டு பெரியப்பாவுடையவை. அப்பா ஐந்தாம் வகுப்போடும் பெரியப்பா எட்டாம் வகுப்போடும் நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும், மின்கட்டணச் சீட்டாக இருந்தாலும் வங்கிக் கடிதமாக இருந்தாலும், என் கைக்குத்தான் வரும். படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு பாரமானது என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

பெரியப்பாவுக்கு இரவு ஷிப்டுதான் பிடிக்கும். தூக்கம் வராமலிருக்க இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வார். முப்பது ஆண்டுப் பழக்கம். மூன்றாண்டுகளுக்கு முன் அதே கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. சென்னையில் அறுவை செய்தார்கள். கதிர்வீச்சும் கொடுத்தார்கள். முகம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டாலும் மனிதர் திரும்பி வந்து தறியில் நின்றார். சென்ற புரட்டாசியில் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது.

அன்று மருத்துவமனைக்கு அப்பாதான் உடன் சென்றிருந்தார். திரும்பி வந்ததும் நூல் வாங்கிய ரசீது ஒன்றை என்னிடம் நீட்டினார். அதன் பின்பக்கத்தில் தம் கோணல் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ‘இமினோ தெரப்பி’.

“டாக்டர் சொன்னாரு. ஊசியாம். நீ படிக்கிறதுல இது வருதா பாரு” என்றார்.

வருகிறது, ஆனால் மூன்றாம் ஆண்டுப் பாடத்தில்தான் வருகிறது. அதை அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் துறையில் எங்கள் பேராசிரியை அம்மாவிடம் சென்று நின்றேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் தம் சொந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். ஆங்கிலப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு இருபது சொற்களுக்கு அகராதி தேட வேண்டியிருந்தது. ஆனால் நண்பர்களே, நான் என் வாழ்நாளில் எந்தக் கதைப் புத்தகத்தையும் அவ்வளவு பரபரப்போடு படித்ததில்லை.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமி புகுந்த அணுவையும் கெட்டுப்போன அணுவையும் தேடிப்பிடித்துக் கொல்வது அவற்றுள் ஒரு பிரிவின் தொழில். இது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். படிக்காதது என்னவெனில், அந்த அணுவின் மேற்பரப்பில் ‘செல், தாக்கு’ என்று முடுக்கும் ஏற்பிகளைப் போலவே ‘போதும், நில்’ என்று தடுக்கும் ஏற்பிகளும் இருக்கின்றன என்பது. இவற்றைத் தடுப்பு ஏற்பிகள் என்போம். ஒன்றல்ல, பல இருக்கின்றன. சி.டி.எல்.ஏ-4, பி.டி-1, லாக்-3 எனப் பெயர்கள் மந்திரம்போல நீள்கின்றன.

தடுப்பு எதற்கு? தாக்கும் படை எப்போதும் தாக்கிக்கொண்டே இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. விடையை எலிகள் சொல்லின. 1995-ஆம் ஆண்டு சி.டி.எல்.ஏ-4 மரபணுவை நீக்கிய எலிகளைச் சோதனைச் சாலையில் உருவாக்கினார்கள். பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அவை இறந்துபோயின. எந்தக் கிருமியும் அவற்றைக் கொல்லவில்லை. அவற்றின் சொந்த டி அணுக்களே கணக்கின்றிப் பெருகி, இதயம் முதலான உறுப்புகளுக்குள் புகுந்து அழித்துவிட்டன.

நிறுத்தும் முறையும் அழகானது. டி அணுவுக்குள் செய்தி பரவுவது புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவதன் மூலம். பி.டி-1 தூண்டப்பட்டால் அது எஸ்.எச்.பி-2 என்னும் நொதியை அருகில் இழுத்துக்கொள்கிறது. அந்த நொதி, ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே வருகிறது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெல்ட் நழுவிவிட்டதால் தறி நிற்கும். எங்கள் கொட்டகையில் இதை நாளைக்குப் பத்துமுறை பார்க்கிறேன்!

இன்னொரு வகை அணுவும் இருக்கிறது: இயற்கைக் கொல்லி அணு. இது செய்வது நம் கல்லூரி வாயிற்காவலர் செய்வதைத்தான். அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார், காட்டாவிட்டால் நிறுத்துவார். நம் உடலின் அணுக்கள் ஏறக்குறைய அனைத்தும் தம்மேல் ஒரு புரத அட்டையை மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத் தொட்டதும் கொல்லி அணுவின் தடுப்பு ஏற்பி இயங்கி, அது விலகிப் போகிறது. அட்டை இல்லாதவன் மாட்டிக்கொள்கிறான். சுவீடன் நாட்டு கிளாஸ் கேரே என்பவர் 1980-களில் சொன்ன கருத்து இது. ‘யாரோ புதியவன் வந்தான்’ என்பதன்று, ‘நம்மவன் என்னும் அடையாளத்தைக் காணோம்’ என்பதே அங்கே குற்றம். அட்டையை மறந்துவிட்டு வந்த நாளெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

பி.டி-1 கிடைத்த வரலாறு வேடிக்கையானது. சப்பானில் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் தசுகு ஓஞ்சோவின் ஆய்வுக்குழு, அணுக்கள் தாமே மடிவதற்குக் காரணமான மரபணுவைத் தேடிற்று. 1992-இல் ஒரு மரபணு கிடைத்தது. ‘திட்டமிட்ட மரணம்’ என்று பெயரிட்டார்கள். பி.டி. என்னும் எழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன. பின்னால் பார்த்தால் அதற்கும் அணு மடிவதற்கும் அப்படி நேர்த் தொடர்பில்லை. அது ஒரு பிரேக். ஆனால் பெயர் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் ‘குள்ளன்’ என்று அழைக்கப்படுபவர் ஆறடி உயரம். சிறுவயதில் வைத்த பெயர்.

சி.டி.எல்.ஏ-4-ஐ 1987-இல் பிரான்சில் கண்டெடுத்தார்கள். அதுவும் முடுக்கும் ஏற்பி என்றே சிலர் கருதினர். இல்லை, அது தடுப்பது என்று காட்டியவர்களில் அமெரிக்காவின் ஜேம்சு அலிசன் ஒருவர். சிறுவனாக இருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தடுப்பையே தடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். அந்த ஏற்பியை மூடும் எதிர்ப்பொருளைப் புற்றுக்கட்டியுள்ள எலிகளுக்குச் செலுத்தியபோது கட்டிகள் மறைந்தன. இது வெளியானது 1996-இல். மனிதருக்கான முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011-இல். பி.டி-1-ஐ மூடும் மருந்துகளுக்கு 2014-இல் கிடைத்தது. 2018-இல் அலிசனும் ஓஞ்சோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புற்றணுவின் தந்திரமும் இதில்தான் இருக்கிறது. அது பி.டி-1-இல் வந்து பொருந்தக்கூடிய ஒரு புரதத்தைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. கொல்ல வந்த டி அணு அருகில் நெருங்கியதும் அதன் பிரேக்கின் மேல் கை வைத்துவிடுகிறது. படை வந்தது; படை நின்றது; கட்டி வளர்ந்தது.

இதைப் பெரியப்பாவுக்குச் சொல்ல எனக்குத் தமிழில் சொற்கள் தேவைப்படவில்லை. கொட்டகைக்குள் அழைத்துப்போய்த் தறியைக் காட்டினேன். ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். “நூல் அறாமலே ஒருத்தன் வந்து இந்தக் கம்பியைத் தட்டிவிட்டா எப்படி? அதைத்தான் உங்க கட்டி பண்ணுது. ஊசி என்ன பண்ணும்னா, அவன் கை படாதபடி இந்தக் கம்பிக்கு ஒரு உறை போடும்.”

அவர் வெகுநேரம் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ என் உடம்பு கெட்டுப்போகல. நிறுத்தி வெச்சிருக்கு” என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, “கம்பிக்கு உறை போட்டுட்டா, நெசமாவே நூல் அறுந்தாலும் தறி ஓடுமேடா. துணி பாழாயிடுமே?” என்று கேட்டார்.

எட்டாம் வகுப்பு படித்தவர் கேட்ட கேள்வி இது. புத்தகத்தில் அதற்குத் தனியாக ஓர் அதிகாரமே இருக்கிறது. பிரேக் இல்லாத டி அணுக்கள் குடலையும், தைராய்டையும், ஈரலையும், நுரையீரலையும், அரிதாக இதயத்தையும்கூடத் தாக்கக்கூடும்.

அப்போது எங்களை அச்சுறுத்தியது அதுவன்று, பணம். மருத்துவர் இரண்டு வழிகள் சொல்லியிருந்தார். முழு அளவில் கொடுத்தால் சில மாதங்களிலேயே பல லட்சம் ஆகும். தறி நான்கையும் விற்றாலும் முழுமையாகப் போதாது. மற்றொன்று, மிகக் குறைந்த அளவு ஊசியோடு மூன்று வகை மாத்திரைகள். இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. “ஏழைன்னா மருந்தைக் கூடப் பாதியா குடுப்பாங்களா?” என்றார். பாதிகூட இல்லை; பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நான் சொல்லவில்லை.

அன்றிரவு கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகிய மருத்துவர்களின் குழு செய்த ஆராய்ச்சி அது, 2022-இல் வெளியாயிற்று. வாய், தொண்டை முதலிய இடங்களில் முற்றிய புற்றுள்ள 151 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மாத்திரைகள் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஊசி. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதற்பிரிவில் 16.3 விழுக்காடு, ஊசி பெற்ற பிரிவில் 43.4 விழுக்காடு.

இவ்வளவு குறைந்த மருந்து எப்படி வேலை செய்யும்? இதற்கும் ஏற்பிதான் விடை. 2010-இல் வெளியான ஒரு தொடக்கநிலை ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கும் 10 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கும் டி அணுக்களின் பி.டி-1 ஏறத்தாழ ஒரே அளவில், 70 விழுக்காட்டுக்கு மேல், இரண்டு மாதங்களுக்கும் மேலாக மூடியே இருந்தது. பெரியப்பாவின் எடை அப்போது 52 கிலோ. 0.3-ஆல் பெருக்கினேன்: 15.6. இருபதுக்குள் அடங்கிவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் போட்ட அந்தப் பெருக்கலை அப்பாவிடம் காட்டினேன். “கம்பிகள் எத்தனையோ அத்தனை உறை போதும்பா. மூட்டை மூட்டையா உறை வாங்கி வெச்சா தறி கூடுதலா ஓடாது” என்றேன். மும்பை ஆராய்ச்சி குறைந்த அளவை முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். மறைத்தால் நான் படித்தவன் ஆகமாட்டேன். அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் படிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு பக்கத்தில் என் கண் நின்றது. பி.டி-1 இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிரேக் இல்லாததால் கிருமியை எளிதில் அழிக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? மாறாக, அவை சாதாரண எலிகளைவிட விரைவாக இறந்தன. 2010, 2011 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இவை. இந்த மருந்து பெற்ற மனிதர்கள் சிலருக்கும் உள்ளே உறங்கிக்கிடந்த காசநோய் கிளம்பியிருக்கிறது. எல்லா நோய்க்கும் எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் போதும் என்பது எவ்வளவு தவறான எண்ணம்!

எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. நான் முதல் வகுப்பில் இருந்தபோது, 2011-ஆம் ஆண்டாக இருக்க வேண்டும், சில மாதங்கள் பெரியப்பாவின் மடியில் என்னை உட்கார விடமாட்டார்கள். அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். ஒருநாள் அவர் கொல்லைப்புறம் போய்விட்டு வந்தபின், சிறுநீர் செம்மஞ்சளாக இருந்ததைக் கண்டு இரத்தம் என்று நான் கத்தியிருக்கிறேன். ஆயா என் வாயைப் பொத்தினாள். ரிபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் அந்நிறமாகும் என்பதை இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

ஊசிக்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விகளில் ‘முன்பு டி.பி. வந்ததுண்டா?’ என்பதும் ஒன்று. பெரியப்பா சட்டென்று இல்லை என்றார். அப்பா தலைகுனிந்தார். நான் அருகில் நின்றிருந்தேன்.

பெரியம்மாவிடம் கேட்டேன். முதலில் மறுத்தார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆறு மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை வாங்கி முழுசா முடிச்சாரு. சரியாப் போச்சுன்னாங்க. இப்ப போயி அதை எதுக்குடா கிளர்ற? தையில அக்காவைப் பாக்க வராங்க. அந்தப் பேச்சு வெளிய போனா யார் வருவாங்க?” என்றார்கள்.

இரண்டு நாள் வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. மருத்துவரிடம் நானே தனியாகச் சொல்லிவிடலாமா என்று எண்ணினேன். என்னைத் தோளில் வைத்துத் திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குத் தூக்கிச் சென்றவரை அவருக்குப் பின்னால் காட்டிக்கொடுப்பதா? இரவு அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: எலிகளின் கதையை, மாத்திரையின் நிறத்தை, எனக்கு நினைவிருக்கிறது என்பதை. சத்தத்தில் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரகசியத்தைக் கத்திச் சொல்ல நேர்ந்தவன் எங்கள் ஊரில்தான் இருப்பான். அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார், முகம் சுவர்ப்பக்கம்.

அடுத்தமுறை மருத்துவமனையில் முறை வந்து உள்ளே போனோம். மருத்துவர் பேனாவை எடுத்தார். பெரியப்பா என்னைப் பார்த்து, “நீ சொல்லு” என்றார்.

சொன்னேன். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆண்டு என்ன, எத்தனை மாதம் மாத்திரை, முழுமையாக முடித்தாரா என்று கேட்டு எழுதிக்கொண்டார். நுரையீரலுக்கு ஸ்கேன், சளிப் பரிசோதனை எல்லாம் ஆயின. மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. அந்த மூன்று வாரங்களில் கட்டி சற்றுப் பெரிதானது போலவே எனக்குத் தோன்றியது. அதற்கு நான்தான் காரணம் என்றும் தோன்றியது. பிறகு, இப்போது காசநோய் இல்லை, தொடங்கலாம், ஆனால் இருமலோ காய்ச்சலோ வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார்கள். தையில் அக்காவைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை சவரன் என்று கேட்டார்கள். நுரையீரலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பது வேறு கதை.

இந்த மலர் அச்சுக்குப் போகும்போது ஐந்து ஊசிகள் முடிந்திருக்கின்றன. கழுத்துக் கட்டி கையால் தடவினால் முன்னைவிடச் சிறிது மெத்தென்று இருக்கிறது. ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. இடையில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்து எல்லோரும் பதறினோம், தானே நின்றது. புகையிலை நின்றுவிட்டது. அதற்குப் பதில் கொட்டகையில் இரவெல்லாம் பழைய பாட்டு ஒலிக்கிறது.

ஊசி மருந்து 40 மில்லிகிராம் குப்பியில் வருகிறது. எங்களுக்குத் தேவை இருபது. குப்பியைத் திறந்தபின் மீதியை வைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு பேரை ஒரே நாளில் வரச்சொல்லி, ஒரு குப்பியைப் பாதி பாதியாகக் கொடுக்கிறார்கள், விலையும் பாதி. பெரியப்பாவின் பங்காளி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்; அவருக்கு நாக்கில். பேச்சு குழறும் என்பதால் அவர் கையால்தான் பேசுவார். சத்தத்துக்கு நடுவே கைச்சாடை பழகிய பெரியப்பாவுக்கு அது நன்றாகப் புரிகிறது.

சென்ற முறை நாங்கள் விடியற்காலையிலேயே போய்விட்டோம். பத்து மணியாயிற்று; அவர் வரவில்லை. செவிலியர் வந்து, இன்னும் அரைமணி பார்க்கலாம், இல்லாவிட்டால் முழுக்குப்பிக்கும் பணம் கட்ட வேண்டும் என்றார். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெரியப்பாவுக்குப் பணத்தின் நினைவே இல்லை. “போன தடவையே மூச்சு வாங்கிச்சு அந்த ஆளுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தேகாலுக்கு அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தார், மின்ரயில் தாமதமாம். பெரியப்பா எட்ட இருந்தே கையை உயர்த்தி, தறியை ஓட்டச் சொல்லும்போது காட்டுவாரே, அந்தச் சாடையைக் காட்டினார்.